ரொம்சோஸில் இன்னும் கோஜி ஆண்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பயத்தில் பிறந்தது. பயந்தவர் நானல்ல, ‘வடமுனை’ ஆசிரியர் ஆனந்தராஜா.

“அண்ணை, சண்டைக் கதை எழுதுங்கோ. சனம் விரும்பி வாசிக்குது. ஆனா எங்கடை சண்டை வேண்டாம். அதை எழுதினா ஒரு கடைக்காரன் இதழை மேசைக்குக் கீழை வைப்பான், மற்றவன் குப்பைக்குள்ளை போடுவான்.”

“அப்ப ஆற்றை சண்டையை எழுத?”

“செத்தவன்ரை. தூரத்திலை செத்தவன்ரை. அவனுக்கு ஒஸ்லோவிலை சொந்தக்காரர் இருக்கக்கூடாது.”

இப்படித்தான் நான் ஜப்பானுக்குப் போனேன். பேருந்து ஓட்டுகிற வேலை முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் ஸ்தூவ்னர் நூலகத்துக்குப் போய், நோர்வேஜிய மொழியில் ஒரு ஜப்பான் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்தேன். வாள் இருந்தது, கோட்டை இருந்தது, துரோகம் தாராளமாக இருந்தது. வார இதழ்களைத் தின்று வளர்ந்த எனக்கு வேறென்ன வேண்டும்? நடுவில் ஓர் இடத்தில் என் விரல் நின்றுவிட்டது.

அந்த நாட்டில் ஆண்டுகளுக்குப் பெயர் வைப்பார்கள். பெயரை வைப்பது பேரரசரின் அவை. 1555இல், எங்கு பார்த்தாலும் சிற்றரசர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தபோது, ‘இந்தச் சண்டை தணியட்டும்’ என்று பழைய பெயரை எடுத்துவிட்டு ‘கோஜி’ என்று புதுப்பெயர் வைத்தார்கள். சண்டை தணியவில்லை. மூன்று வருடம்கூட நிறையவில்லை, 1558இல் புதிய பேரரசருக்காக அதையும் மாற்றி ‘எய்ரோக்கு’ ஆக்கினார்கள். இப்படியான காரியத்தை ஷோகுனிடம், அதாவது படைகளுக்கெல்லாம் தலைவரிடம், கேட்டுச் செய்வதுதான் வழமை. அந்த நேரத்து ஷோகுனையோ தலைநகரை விட்டுத் துரத்தியிருந்தார்கள். மனிதர் ஒரு மலைக்கிராமத்தில் குந்தியிருந்தார். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஒருவரும் சொல்லவுமில்லை.

அவருக்கு வந்ததே கோபம். நாடு முழுக்க எய்ரோக்கு என்று எழுத, அவர் மட்டும் தன் கடிதங்களில் கோஜி என்றே எழுதிக்கொண்டிருந்தார், மாதக்கணக்காக.

[இவ்வளவும் புத்தகத்தில் உள்ளது. இனிமேல் வரும் ஜப்பான் என் உருட்டு.]

2

தொடக்கம் எனக்கு லேசில் அமையவில்லை. எறிந்தவற்றில் சில:

‘இரத்தம்! பனியின்மேல் இரத்தம்! அதைப் பார்த்த சாயோவின் கண்கள்...’

[பனி, இரத்தம். ஒஸ்லோவில் பனியைப் பார்த்துச் சலித்தவன் ஜப்பானுக்குப் போயும் பனியையா எழுதுவது? கிழி.]

‘ஷோகுன் தன் வாளை மெதுவாக உருவி...’

[உருவி என்ன செய்ய? அவர் செய்தது கடிதத்தில் பழைய தேதி போட்டது. வாளை உறையில் போடு.]

‘மலையடிவாரத்தில் ஒரு மதுச்சாலை. அங்கே அரிசி மது காய்ச்சும் சாயோ, ஒவ்வொரு பீப்பாயிலும் தூரிகையால் ஆண்டின் பெயரை எழுதுவாள். அவள் கணவன் ஷோகுனின் படையோடு போனவன். போனது கோஜி முதலாம் ஆண்டு.’

இதைக் கிழிக்கவில்லை. பீப்பாயில் அப்படி எழுதுகிற வழக்கம் அந்த நாட்டில் இருந்ததோ தெரியாது, என் மதுச்சாலையில் இருந்தது. புதிய அதிபதியின் ஆட்கள் வந்து ‘எய்ரோக்கு’ என்று எழுதச் சொல்கிறார்கள். சாயோ, ‘கோஜி நான்கு’ என்று எழுதுகிறாள். பீப்பாயை உடைக்கிறார்கள். அடுத்த பீப்பாயிலும் ‘கோஜி நான்கு’. இதை வைத்துக்கொண்டு தை மாதத்திலிருந்து உங்களை நகம் கடிக்க வைத்தேன். பெர்கனிலிருந்துகூட ஒருவர் தொலைபேசியில் திட்டினார். எனக்கு அது விருது.

[நான் முதல் அத்தியாயம் எழுதிய அதே தை மாதத்தில்தான் இலங்கையில் போர்நிறுத்த ஒப்பந்தம் முறிந்தது. ‘சமாதான காலம்’ என்று சொல்லப் பழகியிருந்தோம். அந்தக் காலத்தைத் தொடங்கும்போது எங்களில் எவரையாவது கேட்டார்களா? முடிக்கும்போது? ஆனந்தராஜா, இந்த அடைப்புக்குறியை வெட்டினால் அடுத்த அடைப்புக்குறியில் திரும்ப எழுதுவேன்.]

முடிவை முதலிலேயே தீர்மானித்திருந்தேன். கடைசி அத்தியாயத்தில் சாயோ மண்டியிடுவாள். தலை குனிவாள். கண்ணீர் ஒரு சொட்டு பீப்பாயின் மேல். ‘எய்ரோக்கு’ என்று எழுதுவாள். வாசகிகள் மூக்குறிஞ்சுவார்கள். முற்றும்.

அந்த முடிவு இப்போது என்னிடம் இல்லை. அதைப் பறித்தவர் சிவமலர்.

3

எங்கள் தொழிலில் படம் முதல், கதை பிறகு. வெளியாட்களுக்கு இது தெரியாது. எழுத்தாளன் எழுதிக் கொடுக்க, ஓவியர் அதை வாசித்து உருகி வரைவதாக நினைத்துக்கொள்வார்கள். கதையே வேறு. நான் கடைசி நிமிடத்தில்தான் எழுதுவேன், ஓவியருக்கோ அவகாசம் வேண்டும். ஆகவே முதலே தொலைபேசி எடுத்து, ‘மதில், குதிரை, இவள் ஓடுகிறாள்’ என்று காட்சியைச் சொல்லிவிடுவேன். படம் வந்துவிடும். பிறகு அந்தப் படத்துக்குப் பணிந்து நான் எழுதவேண்டும். ஓவியர் கதாநாயகியின் இடது கையில் வாளைக் கொடுத்துவிட்டால், அவள் அந்த இதழிலிருந்து இடக்கைக்காரி.

சிவமலர்தான் எங்கள் ஓவியர். நாற்பதைத் தொட்டிருப்பார். ரொம்சோஸில் ஒரு பார்னஹாகேயில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு அந்தக் குட்டி மேசையிலேயே குந்தியிருந்து வரைவார். மலையைக் குடைந்து கட்டிய ரொம்சோஸ் சுரங்க ரயில் நிலையத்தில், பாறைச் சுவருக்குப் பக்கத்தில், உறையை என் கையில் தருவார். அதிகம் கதைக்கமாட்டார்.

நான்காம் அத்தியாயத்துப் படத்தில் சாயோவின் புருவ நடுவே ஒரு கரும்புள்ளி இருந்தது. மை சிந்திவிட்டது என்று நினைத்தேன். தொழில் தர்மப்படி உடனே எழுதினேன்: ‘பிறவியிலேயே அவள் நெற்றியில் ஒரு மச்சம். அந்த மச்சத்தைக் கண்டால் குதிரைகள்கூட ஒருகணம் தயங்கும்...’

[குதிரைகள் ஏன் தயங்கவேண்டும் என்று கேட்காதீர்கள். பக்கம் நிரப்பவேண்டியிருந்தது.]

ஐந்தாம் படத்திலும் புள்ளி. ஆறிலும். நானும் மச்சத்தை விடவில்லை; அதை வைத்தே ஒரு சோதிடன், ஒரு உளவாளி, ஒரு கொலை முயற்சி. கறுப்பு வெள்ளை அச்சில் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

கடைசி அத்தியாயத்துக்கு வண்ண அட்டை என்று ஆனந்தராஜா அறிவித்தார். நான் வழக்கம்போல சிவமலருக்குச் சொன்னேன்: “சாயோ முழங்காலிலை. தலை குனிஞ்சிருக்கவேணும். முன்னாலை பீப்பாய். பின்னாலை அதிபதியின்ரை ஆள்.” உறையை அவர் இந்த முறை நேரே ஆசிரியரிடம் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் தொலைபேசி அலறியது.

“அண்ணை! யப்பான்காரி பொட்டோடை நிக்கிறாள்!”

“அது மச்சமடாப்பா.”

“மச்சம் ஆருக்கண்ணை சிவப்பிலை இருக்கு? குங்குமம்! நல்ல வட்டமா, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போற மாதிரி! அதோடை முழங்காலிலை எண்டெல்லோ சொன்னனீங்கள்? இவள் தூண் மாதிரி நிமிந்து நிக்கிறாள். அதிபதியின்ரை ஆள்தான் குனிஞ்சு பீப்பாயைப் பாக்கிறான்!”

4

ரொம்சோஸ் நிலையம். வேலை முடிந்த சனம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாறைக்குப் பக்கத்து வாங்கில் நானும் சிவமலரும்.

“தங்கச்சி, யப்பானிலை பொட்டு வைக்கிறேல்லை.”

“தெரியும் அண்ணை.”

“நான் குனியச் சொன்னனான்.”

“அதுவும் கேட்டது. லைன் கிளியராத்தான் இருந்தது.”

“அப்ப?”

“அவள் ஏன் குனியிறாள் எண்டு சொல்லுங்கோ. வரைஞ்சு தாறன்.”

நான் வரலாற்றை இழுத்தேன். “அந்த ஷோகுனே கடைசியிலை குனிஞ்சவர்தான். அந்த வருசம் முடியேக்குள்ளை எதிரியோடை சமாதானமாகி, தலைநகருக்குத் திரும்பி வந்து, புது ஆண்டையே எழுதத் தொடங்கியிட்டார்.”

“அவர் குனிஞ்சார், அவருக்கு நகரம் திரும்பக் கிடைச்சுது. இவள் குனிஞ்சா இவளுக்கு என்ன கிடைக்கும்?”

ரயில் ஒன்று வந்து போனது. துப்பறியும் கதை, மர்மக்கதை, குலைநடுங்கும் தொடர் என்று இத்தனை எழுதியவன், பதில் தெரியாமல் எதிர்ப்பக்கத்து விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவரே சொன்னார். சொன்னதை அப்படியே தருகிறேன்.

கணவர் குகநேசன். தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்தில், சைக்கிளில் போனவர் வரவில்லை. தேடாத இடமில்லை. ‘பிடித்தோம்’ என்று சொன்னவரும் இல்லை, ‘இல்லை’ என்று சொன்னவரும் இல்லை. பிறகு குகநேசனின் தமையன் அருட்பிரகாசம் பாடுபட்டு இவரை நோர்வேக்கு எடுப்பித்தார். அருட்பிரகாசத்தின் மகள் ஹம்சத்வனிக்கு இப்போது கலியாணம். அவள் இங்கே பிறந்தவள், இவரைச் ‘சித்தி, சித்தி’ என்று ஒட்டிக்கொண்டு வளர்ந்தவள். மாப்பிள்ளை வரும்போது வாசலில் ஆராத்தி எடுக்கச் சித்திதான் நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

அங்கேதான் சிக்கல். ஆராத்தித் தட்டைச் சுமங்கலிப் பெண்கள் இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றவேண்டும். சிவமலர் சுமங்கலியா, இல்லையா? சனம் கதைக்கும். அதற்கு அருட்பிரகாசம் ஒரு வழி கண்டார். காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருடத்தில் தர்ப்பையால் உருவம் செய்து கிரியை முடிக்கலாம் என்று ஐயர் சொல்ல, மாசி மாதமே கோயிலில் நாள் எடுத்துவிட்டார். கிரியை முடிந்தால் சிவமலர் விதவை என்று ஆகிவிடும், ஆராத்திக் கேள்வியே எழாது.

“எடுத்துப்போட்டுத்தான் எனக்குச் சொன்னவர் அண்ணை. அதுவும் அவர் சொல்லேல்லை. கடையிலை ஒரு மனிசி, ‘திவசத்துக்குச் சமையல் ஆர்?’ எண்டு என்னைக் கேட்டுது. வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நிண்டனான்.”

“நீ போனியா?”

“இல்லை. அண்டைக்குத்தான் உங்கடை நாலாம் அத்தியாயப் படம் வரைஞ்சனான்.”

மை சிந்தவில்லை, வாசகர்களே.

“உயிரோடை இருக்கிறார் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை” என்றார் சிவமலர். “இல்லை எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அவ்வளவுதான். உங்கடை ஷோகுனுக்கும் அதுதானே கோபம்?”

5

இந்த இடத்தில் ஒரு வில்லன் வரவேண்டும். அருட்பிரகாசத்துக்கு மீசை வைத்து, கண்ணைச் சிவக்க வைத்து... இல்லை. முயன்றேன், வரவில்லை. நடந்ததையே எழுதுகிறேன்.

வெஸ்ட்லியில் பேருந்தைத் திருப்பி நிறுத்தியிருந்தேன். புறப்பட நேரம் இருந்தது. அருட்பிரகாசம் முன்கதவைத் தட்டினார். கையில் கலியாண அட்டை.

“உங்கடை அட்டைப்படத்தைப் பற்றி ஆனந்தராஜா சொன்னார். அதே இதழிலை என்ரை மகளின்ரை வாழ்த்துப் பக்கமும் வருது, தெரியுமோ?”

“தெரியும்.”

“அந்தப் பொட்டை எடுத்துவிடுங்கோ. யப்பானுக்கும் அது பொருந்தாது, எங்களுக்கும் பொருந்தாது.”

“அது ஓவியர் வைச்சது, அண்ணை. எங்கடை தொழிலிலை படம்தான் முதல்.”

அவர் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு அவன் தம்பி. இந்தச் சனமெல்லாம் அவளை மட்டும்தான் பாக்குது. பன்னிரண்டு வருசமா நான் அழேல்லை, தெரியுமோ? அழுதா அவளுக்கு என்ன மறுமொழி சொல்லுறது? ஒருக்கா அழுது முடிக்க எனக்கு ஒரு நாள் வேணும். அதுக்குத்தான் நாள் எடுத்தனான்.”

நான் இயந்திரத்தை நிறுத்தினேன்.

“கிரியை செய்தனீங்களோ?”

“தர்ப்பையைக் கையிலை எடுத்தனான். அவள் வரேல்லை. மனம் வரேல்லை, எழும்பி வந்திட்டன்.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். உடனே குரல் மாறியது. “ஆனா ஊரைக் கூப்பிட்டுக் கலியாணம் செய்யிறன். நாளைக்கு என்ரை பிள்ளைக்கு ஒண்டு நடந்தா, ‘அண்டைக்கு ஆராத்தி எடுத்தது ஆர்’ எண்டுதான் சனம் கேக்கும்.”

இவர் சொன்னதைச் சிவமலரிடம் சொன்னேன். அவர் அன்று மாலையே அருட்பிரகாசம் வீட்டுக்குப் போனார். ஹம்சத்வனி எனக்குச் சொன்னபடி, அங்கே நடந்தது இது:

“நீங்கள் அழுங்கோ அத்தான். நானும் வந்து பக்கத்திலை இருக்கிறன். ஆனா எனக்கு நாள் குறிக்காதேங்கோ.”

“சனத்துக்கு என்ன சொல்ல?”

ஹம்சத்வனி குறுக்கே விழுந்தாளாம். “பப்பா, சனம் எண்டா ஆர்? பேர் சொல்லுங்கோ. நான் எஸ்.எம்.எஸ். அடிச்சுக் கேக்கிறன்.”

“வாயை மூடு பிள்ளை.”

“மூட மாட்டன். சித்தி நிக்காட்டி நான் காரை விட்டு இறங்க மாட்டன். ஹெல்ட் சேரியஸ், பப்பா.” ‘உண்மையாத்தான் சொல்லுறன்’ என்பதை அவள் நோர்வேஜிய மொழியில்தான் சொல்வாள், அப்போதுதான் தகப்பன் நம்புவாராம்.

கடைசியில் அருட்பிரகாசம் சொன்னார்: “சரி. அவள் தட்டோடை நிக்கட்டும். ஆனா மற்றப்பக்கம் பிடிக்கச் சொல்லி ஒரு பொம்பிளையையும் நான் கேக்க மாட்டன். ஆர் வருகினம் எண்டு பாப்பம்.”

ஹம்சத்வனி கேட்டுப் பார்த்துவிட்டாள். அவள் தாய் சிவகாமி, பெண்ணின் தாய் ஆராத்தி எடுப்பதில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். மற்றவர்கள் சிரித்தபடியே கையை இழுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு முதுகுவலி. ஒருவருக்குப் புதுச்சேலை. ஒருவருக்கு, ‘எனக்கொண்டுமில்லைப் பிள்ளை, என்ரை மாமிதான்...’

6

ஆகவே முடிவுகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன்.

(அ) சாயோ மண்டியிட்டு ‘எய்ரோக்கு’ என்று எழுதுகிறாள். நான் முதலில் வைத்திருந்த முடிவு. இப்போது அதை எழுதப் போனால் என் பேனை வெண்டிக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது. வேண்டாம்.

(ஆ) கணவன் குதிரையில் திரும்பி வருகிறான். மச்சத்தைக் கண்டு குதிரை தயங்குகிறது...

[நிறுத்து. எந்த வாசகி எத்தனை வருடமாக இதே முடிவுக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு ரூபாய்த் திருப்பத்துக்காக அவளை எழுப்பி உட்கார வைக்கமாட்டேன்.]

(இ) சாயோ அதிபதியின் ஆளை அவன் வாளாலேயே... கைதட்டு விழும். ஆனால் அடுத்த நாள் வேறொருவன் வருவான், அதே ஆணையோடு. அதிபதிகளுக்கு ஆட்கள் குறைவதில்லை.

(ஈ) சாயோ ‘கோஜி நான்கு’ என்று எழுதிக்கொண்டே இருக்கிறாள். கோஜி ஐந்து, கோஜி பத்து, கோஜி பன்னிரண்டு. எந்த அவையும் அறிவிக்காத ஆண்டுகள். ஊர் அவளிடம் மது வாங்குகிறது, பீப்பாயை மட்டும் திருப்பி வைத்துக்கொள்கிறது.

இதுதான் உண்மைக்குக் கிட்ட. இதுதான் எனக்கு ஆத்திரத்தையும் தருகிறது. அவள் எழுதுவது அவள் உரிமை. பீப்பாயைத் திருப்பி வைக்கிற ஊர்தான் நாங்கள்.

[என்னைப் பற்றி ஒன்று. தங்கேஸ்வரி, என் மனைவி, இறந்து நாலு வருடமாகிறது. என்னை எந்தக் கலியாணத்திலும் ஒருவரும் பின்வரிசைக்கு அனுப்பவில்லை. போன ஆவணியில் மேடைக்குக் கூப்பிட்டுக் குத்துவிளக்கே ஏற்ற வைத்தார்கள். ‘எழுத்தாளர் ஏற்றுவார்’ என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வேறு. ஏற்றினேன். அந்தப் பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.]

7

இதுவரை உள்ளதை அனுப்பியபிறகு, ஆனந்தராஜாவோடு கடைசியாகக் கதைத்தது:

“அண்ணை, கடைசி அத்தியாயம் எங்கை? அச்சகத்திலை நிக்கிறன்.”

“அத்தியாயம் இல்லை. வேறொண்டு அனுப்பியிருக்கிறன். வாசியும்.”

கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது.

“எங்கடை சண்டை வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்?”

“யப்பானுக்குத்தான் போனனான். போன இடத்திலையும் சொந்தக்காரர் நிக்கினம். நான் என்ன செய்ய?”

“அருட்பிரகாசம் வாழ்த்துப் பக்கத்தைத் திருப்பி எடுத்திடுவார்.”

“எடுக்கட்டும். அந்தப் பக்கத்திலை அட்டைப்படத்தை இன்னொருக்காப் போடும்.”

“உங்களுக்கென்னண்ணை, பஸ் ஓடுறியள்.” பெருமூச்சு. “பொட்டு?”

“படம்தான் முதல், ஆனந்தராஜா.”

பெயர்களை மாற்றித்தான் முதலில் எழுதினேன். சிவமலரிடம் வாசித்துக் காட்டினேன். அதே வாங்கு, அதே பாறை. கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “என்ரை பேரைப் போடுங்கோ அண்ணை. சாயோவுக்குப் பின்னாலை ஒளிச்சு ஒளிச்சுக் களைச்சுப்போனன். அத்தான்ரை பேரையும் போடுங்கோ. அவர் அழ நினைச்சதை விட்டிடாதேங்கோ. அவர் கெட்டவர் எண்டு ஆரும் நினைக்கக்கூடாது.” ரயில் வந்தது. ஏறப்போனவர் திரும்பினார். “அந்தக் குதிரை தயங்கிறதை மட்டும் வெட்டிவிடுங்கோ. சிரிப்பா இருக்கு.”

வெட்டவில்லை. அந்த ஒரு விடயத்தில் நானும் கோஜிதான்.

இந்த இதழ் வியாழக்கிழமை கடைகளுக்கு வரும். கலியாணம் சனிக்கிழமை. இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேரிடம் அந்த அழைப்பிதழ் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டி வைத்திருப்பீர்கள். ஆகவே முடிவு என்னிடம் இல்லை, உங்கள் வீட்டில் இருக்கிறது. எந்த அவை எந்த ஆண்டை அறிவித்தாலும், ஊர் சேர்ந்து பிடிக்காமல் எந்த ஆண்டும் நிற்பதில்லை.

சனிக்கிழமை காலை, மண்டப வாசலில், சிவமலர் நிற்பார். நெற்றியில் பொட்டு இருக்கும், மச்சமல்ல. தட்டில் குங்குமம் கரைத்த தண்ணீர், வாழைப்பழத் துண்டுகளில் எரிகிற திரி. மேளம் கிட்டவரும். மாப்பிள்ளை வந்து நிற்பார். காருக்குள் ஹம்சத்வனி இருப்பாள், இறங்காமல். அருட்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார்.

பெண்களே, உங்களுக்கு முதுகுவலி இருக்கலாம். சேலை புதிதாக இருக்கலாம். மாமி பக்கத்திலேயே நிற்கலாம். தட்டு பாரமில்லை.

ஒரு பக்கம் பிடித்தாயிற்று.